ஆகமன காலமும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்கத்தின் பந்தியிலே அம்மன் கொடை நடத்தும் குடும்பத்தாரும், கிறிஸ்துவின் ஆலயத்திற்குச் செல்லும் குடும்பத்தாரும் அருகருகே அமர்ந்து உண்பது நெடுநாளைய வழக்கம். அண்ணன் நெற்றியில் திருநீறும் தம்பி கையில் வேதபுத்தகமும் விளங்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. ஆதலின், இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கே நேரில் உரியதாயினும், மற்றையோர்க்கும் புறம்பானதன்று. மார்கழி மாதத்தில் வைகறையில் எழுந்து, வாசல் தெளித்து, கோலமிட்டு, இறைவன் சந்நிதியிற் காத்து நிற்கும் வழக்கத்தை அறிந்த எந்தத் தாய்க்கும், வருகின்ற ஒருவருக்காக வீட்டையும் உள்ளத்தையும் ஆயத்தஞ் செய்தல் இன்னதென்பது எளிதில் விளங்கும்.

அவ்விஷயம் யாதெனில், கிறிஸ்து பிறந்த பண்டிகைக்கு முன்னுள்ள ஆகமன காலத்தை நமது வீடுகளிலும் சபைகளிலும் பொருளுணர்ந்து அனுசரிப்பது எவ்வாறு என்பதாம்.

ஆகமனம் என்றால் வருகை. இதனைக் கத்தோலிக்க சகோதரர் திருவருகைக் காலம் என்பர். சீர்திருத்தச் சபைகளில் அட்வெந்து என்னும் லத்தீன் சொல்லையே வழங்குவாரும் உளர். டிசம்பர் 25-ஆம் தேதிக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உடையது இக்காலம். நவம்பர் 27-ஆம் தேதிக்கு முன் இது தொடங்குவதில்லை. டிசம்பர் 3-ஆம் தேதிக்குப் பின் தொடங்குவதுமில்லை. பண்டிகை திங்கட்கிழமையில் வருமாயின் ஆகமன காலம் 22 நாட்களே; ஞாயிற்றுக்கிழமையில் வருமாயின் 28 நாட்கள். சபையின் புத்தாண்டு ஜனவரி முதல் தேதியன்று. ஆகமனத்தின் முதல் ஞாயிறேயாகும். ஆண்டின் முதற் பாடமாகக் காத்திருத்தலைச் சபை நமக்குக் கற்பிக்கின்றது என்க.

இவ்வழக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. பிரான்சு தேசத்துத் தூர் நகரின் அத்தியட்சராகிய பெர்ப்பெத்துவு என்பார், 5-ஆம் நூற்றாண்டில், நவம்பர் 11-ஆம் தேதியாகிய மார்த்தீன் திருநாள் முதல் பண்டிகை வரையில் வாரத்திற்கு மூன்று நாள் உபவாசம் இருக்குமாறு தமது சபையார்க்குக் கட்டளையிட்டனர். பின்னர் ரோமாபுரியின் முறைப்படி நான்கு ஞாயிறுகள் என்பது மேற்றிசைச் சபைகளில் நிலைபெற்றது. கிழக்குத் திசைச் சபைகளிலோ 40 நாள் நோன்பு வழங்கி வருகின்றது. நமக்கு அயலிலுள்ள மலையாள தேசத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் தேதி தொடங்கி இருபத்தைந்து நோன்பு என்று அனுசரிக்கின்றனர். அந்நாட்களில் மீனும் மாமிசமும் விலக்கி, ஜெபத்தில் தரித்திருப்பர். இவ்வாறு, பண்டிகைக்கு முன் விருந்தன்று, ஒடுக்கமே முறை என்பது கிறிஸ்தவ உலகமெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம்.

எதற்காகக் காத்திருத்தல்? பெத்லகேமில் ஒருமுறை நிகழ்ந்த வருகையை நினைத்தல் ஒன்று. நியாயந் தீர்க்க அவர் மீண்டும் வரும் நாளை எதிர்நோக்குதல் இரண்டு. இவ்விரண்டிற்கும் இடையே இன்று அவர் நமது உள்ளத்தில் வருதல் மூன்று. இம்மூன்று வருகைகளையும் 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவராகிய பெர்னார்து என்னும் பெரியார் எடுத்தோதினார். நம்மில் அநேகர் முதலாவதை மட்டுமே கைக்கொண்டு, மற்றை இரண்டையும் விட்டுவிட்டோம். ஆதலினாற்றான் ஆகமனம் என்பது பண்டிகைக் கடைக்குப் போகும் மாதமாக முடிந்துவிட்டது.

திருநெல்வேலிச் சபைகள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பழைய ஜெபபுத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் ஞாயிற்றின் சுவிசேஷப் பாடம் ஆண்டவர் கழுதையின்மேல் ஏறி எருசலேமுக்குள் வந்ததும், ஆலயத்திற்குள்ளே வாணிபம் செய்தாரைத் துரத்தியதுமாம். இரண்டாம் ஞாயிற்றிற்குரியது சூரிய சந்திரரிலே தோன்றும் அடையாளங்கள். மூன்றாவது, சிறையிலிருந்த யோவான், வருகிறவர் நீர்தாமோ என்று ஆளனுப்பி வினவிய வரலாறு. நான்காவது, அதே யோவான் தம்மைப் பற்றி வினவினாருக்குத் தாம் கிறிஸ்து அல்லவென்று அறிக்கையிட்டது. இந்நான்கினுள் ஒன்றிலாவது தொட்டிலில்லை, நட்சத்திரமில்லை, மேய்ப்பரில்லை. பிள்ளையைக் காட்டுமுன் நியாயாதிபதியையும், விளக்கைக் காட்டுமுன் சிறைச்சாலையையும் முன்னோர் காட்டினர். இக்காலத்துப் பாட அட்டவணைகள் மாறியிருப்பினும் நோக்கம் மாறவில்லை.

நிற்க. இப்பொழுது நமது வீடுகளின் நிலைமையைச் சற்றுக் கவனிப்போம்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலத்தில் பதனீர் இறங்குவதில்லை. பனையேறிய குடும்பங்களுக்கு அது கைவறண்ட காலமாகவே முற்காலத்தில் இருந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நாற்று நட்டுப் பயிர் தழைத்து வரும். அறுவடைக்கு மாசி பங்குனி ஆகவேண்டும். களஞ்சியம் ஒழிந்து, புதுநெல் வராத அந்த இடைக்காலத்திலே ஆகமனம் வருகின்றது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுகிறவனை அப்போஸ்தலனாகிய யாக்கோபு எடுத்துக்காட்டியதன் சுவையை நமது பாட்டனார் விளக்கவுரை இன்றியே உணர்ந்தனர். இக்காலத்தில் நம்மவர் பலர் வர்த்தகத்திலும் உத்தியோகத்திலும் இருக்கின்றனர். மழையை எண்ணி வாழ்வோர் சிலரே. ஆயினும் கடன் மட்டும் குறைந்தபாடில்லை. அயல்வீட்டார் எடுத்த பட்டைக் காட்டிலும் விலையுயர்ந்த பட்டு, அயல்வீட்டு நட்சத்திர விளக்கைக் காட்டிலும் பெரிய நட்சத்திரம் என்று போட்டியிட்டு, வட்டிக்கு வாங்கிப் பண்டிகை கொண்டாடுவோர் நம்மிடை இல்லையென்று யார் சொல்ல வல்லார்? தொழுவத்திலே பிறந்தவருடைய பெயரால் தைமாதம் வரை வட்டி கட்டுவது எவ்வளவு பரிகாசத்திற்குரியது!

ஆதலின், வீட்டில் இக்காலத்தை அனுசரிக்க எளிதான முறை ஒன்றை நான்கு வாரங்களாக வகுத்துக் கூறுவோம்.

முதல் வாரம் விளக்கின் வாரம். ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்காக 1833-ஆம் ஆண்டில் ஓர் இல்லம் நிறுவிய யோகான் விக்கர்ன் என்னும் போதகர், பண்டிகை எப்பொழுது என்று நாடோறும் கேட்ட அப்பிள்ளைகளுக்காக, 1839-ஆம் ஆண்டில், ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கும், மற்றை நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். இக்காலத்து ஆலயங்களில் காணும் ஆகமன வளையம் அதன் வழிவந்ததே. நமக்கு அத்தேசத்துப் பசுந்தழையும் வேண்டா, கடையில் விற்கும் வளையமும் வேண்டா. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் நான்கு அகல் வைத்து, ஞாயிறுதோறும் ஒன்று கூட்டி ஏற்றினால் அதுவே போதும். ஏற்றுவது வீட்டின் இளைய பிள்ளையாக இருக்கட்டும். ஏற்றியபின் அரைமணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓய்ந்திருக்கட்டும். குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளில் அதனை மீண்டும் தொடங்குவதற்கு இதனினும் நல்ல நாளில்லை.

இரண்டாம் வாரம் வேதத்தின் வாரம். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் உள்ளன. டிசம்பர் முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தால் பண்டிகைக்கு முந்திய இரவில் அது நிறைவுறும். கண்பார்வை குன்றிய பாட்டிக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டுக. விளங்காத இடத்தில் பாட்டி பேரப்பிள்ளைக்கு விளக்குக. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் வெளியூர்களிலும் நகரங்களிலும் பெருகிவரும் இந்நாளில், இதனால் வேத அறிவோடு தாய்மொழி அறிவும் வளரும்.

மூன்றாம் வாரம் கணக்கின் வாரம். வர்த்தக சமூகமாகிய நமக்கு இது மிகவும் உரியது. யோர்தான் நதிக்கரையிலே யோவானிடம் வந்து, நாங்கள் யாது செய்யவேண்டும் என்று வினவினோர்க்கு அவர் அருளிய மறுமொழியை நினைமின். இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்கவும், வரி வாங்குவோன் விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கவும், போர்ச்சேவகன் ஒருவனையும் மிரட்டிப் பறியாதிருக்கவும் அவர் கூறினார். ஆகாயத்தைப் பார்த்து நில்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் தொழிலைத் திருத்துங்கள் என்றே சொன்னார். எனவே, இவ்வாரத்தில் கடையின் தராசைச் சோதித்துப் பாருங்கள். கடைச் சிப்பந்திக்கும், வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கும், தோட்டத்துக் கூலியாளுக்கும் கொடுக்கவேண்டிய பாக்கியைப் பண்டிகைக்கு முன் தீருங்கள். நமது வீட்டில் பலகாரம் மணக்கும் நாளில் அவர் வீட்டு அடுப்பு எரியாதிருத்தல் நமக்கு அழகன்று. வரப்புத் தகராற்றாலும் பாகப்பிரிவினையாலும் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பிமார், வக்கீல் அறிவிப்புக்கு முன் ஒருமுறை ஒருவர் வாசலுக்கு ஒருவர் செல்லுங்கள். மூத்தவர் முதலில் சென்றால் பெருமை குறையாது. இளையவர் முதலில் சென்றால் உரிமை போகாது.

நான்காம் வாரம் விருந்தின் வாரம். சத்திரத்தில் இடமின்றி நின்ற தாயின் வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கின்றோம். இவ்வாரத்தில் நமது வீட்டிற்கு வழக்கமாக அழைக்கப்படாத ஒருவரை அழைக்கவேண்டும். மகமை என்பதை உலகுக்குக் காட்டிய சமூகம் நம்முடையது; சிறுகச் சிறுக எடுத்துவைத்த காசு பள்ளிக்கூடமாகவும் சத்திரமாகவும் எழுந்ததை நாம் கண்டோம். நமது கிறிஸ்தவத் தாய்மாரும் உலையில் அரிசியிடுமுன் ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையால் சபைகளைத் தாங்கினர். ஆகமனத்தின் முதல் நாளில் அடுக்களையில் ஓர் ஓலைக்கொட்டானை வைத்து, நாள்தோறும் ஒரு பிடி அரிசியோ ஒரு நாணயமோ இட்டு வந்தால், நான்காம் வாரத்தில் அதுவே ஒரு குடும்பத்தின் பண்டிகையாகும்.

இனிச் சபையைப் பற்றிச் சில சொல்வோம்.

முதலாவது, ஆகமனத்தை ஆகமனமாக இருக்கவிடுதல் வேண்டும். நவம்பர் முடியுமுன்னே பிறப்பின் பாட்டுக்களைப் பாடித் தீர்த்துவிட்டால், பண்டிகையன்று பாடுவதற்கு யாதுளது? வருகையைப் பற்றிய பாட்டுக்கள் நமது பாமாலையிலும் கீர்த்தனைகளிலும் குறைவின்றி உள. ஊதா நிற வஸ்திரம் பீடத்தில் விரித்திருப்பது அலங்காரத்திற்கன்று. அது மனந்திரும்புதலின் குறி. அதன் பொருளை ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு உபதேசியார் விளக்கவேண்டும்.

இரண்டாவது, கீத பவனி. வாலிபர் இரவில் வீடுவீடாகச் சென்று பாடுதல் மிக நல்ல வழக்கம். ஆயினும், காணிக்கை மிகுதியாக இடும் மாடிவீடுகளில் மூன்று பாட்டும், குடிசையில் அரைப் பாட்டும் பாடிச் செல்லுதல் முறையன்று. அவ்வாண்டில் மரணம் நேர்ந்த வீட்டார் விளக்கேற்றாமல் இருப்பர். அவ்வீட்டைக் கடந்து போகாமல், மேளத்தை நிறுத்தி, மெல்லிய குரலில் ஒரு பாட்டுப் பாடி ஜெபித்து வாருங்கள். துக்கமுற்றோர் காத்திருக்கும் காத்திருப்பே உண்மையான ஆகமனம். நள்ளிரவில் ஒலிபெருக்கி வைத்துப் பிறமதத்து அயலாரின் நோயாளிகளையும் குழந்தைகளையும் எழுப்புதல் நற்செய்தியாகாது.

மூன்றாவது, கர்த்தருடைய பந்தியில் சேருமுன் ஒப்புரவாதல். சபைத் தேர்தல்களினால் கட்சி கட்சியாகப் பிரிந்து, நீதிமன்றங்களில் ஒருவருக்கொருவர் எதிராக நிற்பவர்கள் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுவது எங்ஙனம்? சேகரத்துப் பெரியோர் இருபுறத்தாரையும் அழைத்து இக்காலத்தில் சமாதானம் பேசுவாராயின், அதுவே அந்தச் சபைக்கு ஆலய அலங்காரமாகும்.

இனி, நாம் சொல்ல விரும்பிய முக்கியமான காரியத்திற்கு வருகின்றோம்.

காத்திருத்தல் என்பது நமது குலத்திற்குப் புதிதன்று. தென் திருவிதாங்கூரில் நமது தாய்மார் மேலாடை அணியும் உரிமை, பல ஆண்டுக் கலகங்களுக்குப் பின், 1859-ஆம் ஆண்டின் ராஜ விளம்பரத்தினால் ஒருவாறு கிடைத்தது. கமுதிக் கோயிலில் 1897-ஆம் ஆண்டில் நமது முன்னோர் பிரவேசித்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு சீமையின் பிரிவி கவுன்சில் வரையிற் சென்று, 1908-ஆம் ஆண்டில் நமக்கு மாறாகவே தீர்ந்தது. பின்னர் 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தின் வாயில் திறந்தது. வைத்தியநாதய்யர் அன்று அழைத்துச் சென்ற சிறு கூட்டத்தில் அரிஜன சகோதரர் ஐவரும், நமது குலத்தார் ஒருவரும் இருந்தனர். அவர்களும் நாமும் ஒரே நாளில், ஒரே வாயில் வழியே, ஒரே கூட்டமாய் உட்சென்றோம். இதனை நாம் மறத்தல் தகுமா?

கிறிஸ்தவ சபையின் வரலாறும் இதனையே கூறும். கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன் 1833-ஆம் ஆண்டில், சாதி வேற்றுமை சபைகளினின்று உடனே முற்றிலும் ஒழியவேண்டுமென்று நிருபம் விடுத்தார். அதனை ஏற்கமாட்டாது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டு விலகினர். அந்நிருபம் எழுதி இரு நூற்றாண்டு நிறைவெய்தப் போகின்றது. ஆயினும், சாதிக்கொரு ஆலயமும், கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவரும் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. வெளியே நிறுத்தப்பட்டு அழுதவர்களின் பேரப்பிள்ளைகள் வேறொருவரை வெளியே நிறுத்துவாராயின், அவர்கள் யாருடைய வருகைக்காகக் காத்திருக்கின்றனர்? அரியணையிலிருப்போர் தள்ளப்படுவர், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவர் என்று மரியம்மாள் பாடிய பொருளை, நாம் தாழ்ந்திருந்த நாளில் ஆவலோடு கேட்டோம். உயர்ந்திருக்கும் நாளிலும் அச்சத்தோடு கேட்கவேண்டும்.

சாதியின் பெயரால் அமைந்த சங்கத்தின் மேடையிலிருந்து இதனைக் கூறுதல் முரணன்றோ என்று ஒருவர் வினவலாம். முரணன்று. மூடிய கதவுகளைத் திறப்பதற்கென்றே நமது முன்னோர் சங்கங் கண்டனர். திறந்த கதவை நமக்குப் பின் வருவோர்மேல் சார்த்துவதற்கு அன்று. அந்நோக்கத்தை மறந்த நாளில் சங்கம் இருந்தும் பயனில்லை.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணற்க. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று தொடங்கிய பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டமையால், ஏறக்குறைய 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. பலர் இரண்டு இரவுகளை அங்கேயே கழித்தனர். அருகிலுள்ள புதுக்குடிக் கிராமத்தார், தம்மூரும் வெள்ளத்தில் தவிக்கும் வேளையில், உள்ள அரிசியைத் திரட்டிச் சமைத்து அப்பிரயாணிகளுக்கு அன்னமிட்டனர். வந்தவர் இன்ன ஊரார், இன்ன குலத்தார், இன்ன மதத்தார் என்று ஒருவரும் வினவவில்லை. அவ்வாண்டில் பல ஆலயங்களில் அலங்காரம் குறைந்தது. ஆயினும், ஆகமனத்தின் பொருள் அவ்வாண்டில் விளங்கியதுபோல வேறெவ்வாண்டிலும் விளங்கவில்லை என்றே சொல்லுவோம்.

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே, நாம் வேண்டிக்கொள்வது பெரிய காரியமன்று. தாம்பாளத்தில் நான்கு அகல். நாளுக்கு ஓர் அதிகாரம். தீர்த்த ஒரு கணக்கு. அடுக்களையில் ஓர் ஓலைக்கொட்டான். நமது பந்தியில் இதுவரை அமராத ஒருவருக்கு ஓர் இலை. இவ்வைந்தையும் இவ்வாண்டில் நமது குடும்பங்கள் கைக்கொள்ளுமாயின், பண்டிகையன்று நட்சத்திர விளக்கு சிறிதாயிருந்தாலும் குறைவில்லை. வருகிறவர் எவ்வுருவில் வருவார் என்பது நமக்குத் தெரியாது. கதவு திறந்திருக்கின்றதா என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

எல்லாம் வல்ல இறைவன் நமது வீடுகளிலும் சபைகளிலும் சமாதானத்தை அருள்வாராக என்று பிரார்த்திக்கின்றோம்.